ஒன்றேகால் கோடி மெயிலுக்கு ஒரு வாடிக்கையாளர்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிளில் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர். தெருவே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். போன வருடம் ஒருநாள் மடித்த தாள் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். மெயிலில் வந்ததை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்திருந்தார். “தம்பி, இது நிஜமான்னு பார்த்துச் சொல்லு” என்றார்.

மேலே ரிசர்வ் வங்கியின் சின்னம், கொஞ்சம் மங்கலாக. மாமாவின் மெயில் முகவரிக்கு ஏதோ குலுக்கலில் ஐந்து லட்சம் பவுண்டு பரிசு விழுந்திருக்கிறதாம். பணம் ரிசர்வ் வங்கியில் தயாராக இருக்கிறதாம். அதை விடுவிக்க 18,500 ரூபாய் கட்ட வேண்டுமாம். அடியில் ‘கவர்னர்’ என்று ஒரு கையெழுத்து, பதில் அனுப்ப ஒரு ஜிமெயில் முகவரி. பெயர், வயது, தொழில், செல்போன் எண் எழுத நாலு கோடு.

மாமா பணம் கட்டவில்லை. ஆனால் அந்த நாலு கோட்டையும் நிரப்பி அனுப்பிவிட்டார்.

அன்று அவர் மூன்று கேள்வி கேட்டார். என் முகவரி இவனுக்கு எப்படித் தெரிந்தது? இப்படித் தப்பும் தவறுமாக எழுதினால் யார் நம்புவார்கள்? இதில் இவனுக்கு என்னதான் கிடைக்கும்? மூன்றாவதற்குப் பதில் தெரிந்துகொண்டால் மற்ற இரண்டும் தானாகவே புரிந்துவிடும். ஸ்பேம், அதாவது நாம் கேட்காமலே மொத்தமாக வந்து குவியும் இந்த மாதிரி மெயில், விளையாட்டுப் புத்தியில் செய்கிற சேட்டை இல்லை. வரவு செலவு பார்த்து நடத்துகிற தொழில். அதை அனுப்புகிறவர்கள் செய்யும் ஒவ்வொரு தந்திரத்துக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது.

தபால்தலை யார் ஒட்டுவது?

தபால்தலை ஒட்டாமல் வரும் கடிதத்தைப் பேரிங் தபால் என்பார்கள். வாங்கிக்கொள்கிறவர்தான் காசு கொடுக்க வேண்டும், அதுவும் இரண்டு மடங்கு. “மெயில் எல்லாமே ஒருவகையில் பேரிங் தபால்தான் மாமா” என்றேன். அவருக்கு உடனே புரிந்தது.

ஐந்து ரூபாய்த் தபால்தலை ஒட்டி ஒரு கோடிப் பேருக்குக் கடிதம் போட்டால் ஐந்து கோடி ரூபாய் ஆகும். அத்தனை பணம் போடுகிறவன் யாருக்கு அனுப்புகிறோம் என்று யோசித்துத்தான் அனுப்புவான். மெயிலில் அந்த யோசனைக்கே அவசியமில்லை. அனுப்புகிறவனுக்குச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். சேமித்து வைக்கும் இடம், வடிகட்டும் கம்ப்யூட்டர்கள், திறந்து பார்த்து அழிக்கும் நேரம் எல்லாம் நம் தலையில் விழுகிறது.

இந்த வசதியை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு விற்பனைக்காரர். இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைச் சேர்ந்த கேரி டர்க், புதிய கம்ப்யூட்டரின் அறிமுகக் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். முகவரிகள் அதற்கான இடத்தில் அடங்காமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்துவிட்டன. வாங்கினவர்கள் பலர் கோபப்பட்டார்கள், கண்டனமும் வந்தது. ஆனால் விற்பனை நன்றாக நடந்தது என்று டர்க் பின்னாளில் சொன்னார். திட்டு கிடைக்கும், ஆனால் காசும் கிடைக்கும். இந்தத் தொழிலின் அடிப்படை அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இன்னொரு வசதியும் அவர்களுக்கு இருக்கிறது. கவரில் அனுப்புநர் முகவரி என்று எதை எழுதினாலும் தபால் பெட்டி வாங்கிக்கொள்ளும். ‘ஜனாதிபதி மாளிகை, புது டெல்லி’ என்று எழுதிப் போட்டாலும் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மெயிலும் அப்படித்தான். அதை அனுப்புவதற்கான விதிமுறை 1982இல் எழுதப்பட்டது. அப்போது இணைப்பில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும்தான். யாராவது பொய்ப் பெயர் போடுவார்கள் என்று அந்த விதிமுறை எதிர்பார்க்கவில்லை. அதனால் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். சில சமயம் உங்கள் முகவரியிலிருந்தே உங்களுக்கு ஸ்பேம் வருவது இதனால்தான். உங்கள் கணக்குக்குள் யாரோ நுழைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. கவரில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

28 பேர்

சரி, இதில் எவ்வளவு கிடைக்கும்? இதற்கு ஊகம் இல்லாமல் எண்ணாகவே ஒரு பதில் உண்டு.

2007 தொடக்கத்தில் ஐரோப்பாவைப் பெரும் புயல் தாக்கியது. அந்தச் செய்தியைத் தலைப்பாகப் போட்டு ஒரு மெயில் சுற்றியது. அதோடு வந்த கோப்பைத் திறந்தவர்களின் கம்ப்யூட்டருக்குள் ஒரு நிரல் புகுந்தது. அதற்கு ஸ்டார்ம் என்று பெயர் வந்தது. புகுந்த நிரல் எதையும் கெடுக்கவில்லை. சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டு, வெளியிலிருந்து உத்தரவு வரும்போது ஸ்பேம் அனுப்பியது. வீட்டுக்காரருக்கோ நெட் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. இப்படி ஒரே கட்டளைக்கு ஆடும் கம்ப்யூட்டர் கூட்டத்தைப் பாட்நெட் என்கிறார்கள்.

2008இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ, பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் இந்த ஸ்டார்ம் கூட்டத்தின் ஒரு சிறு பகுதிக்குள் நுழைந்தார்கள். அவர்களாகப் புதிதாக ஸ்பேம் எதையும் அனுப்பவில்லை. ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த மெயில்களில் இருந்த இணைப்பை (லிங்கை) மட்டும் மாற்றி, தாங்கள் உருவாக்கிய போலி மருந்துக்கடைக்குத் திருப்பிவிட்டார்கள். மருந்தைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டப் போகிற இடம் வரை எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவதுதான் நோக்கம். அந்த இடத்தில் ‘பிழை’ என்று காட்டி அனுப்பிவிடுவார்கள். யாருடைய கார்டு எண்ணையும் வாங்கவில்லை.

26 நாளில் அந்தக் கடையின் பெயரில் போனவை ஏறத்தாழ 34.76 கோடி மெயில்கள். அவற்றில் 8.27 கோடியை மட்டுமே மறுமுனைச் சர்வர்கள் ஏற்றுக்கொண்டன. மற்றவை வாசலிலேயே திரும்பிவிட்டன. இணைப்பைத் தொட்டுக் கடைக்கு வந்தவர்கள் 10,522 பேர். வாங்கத் துணிந்தவர்கள் 28 பேர்.

ஒன்றேகால் கோடி மெயிலுக்கு ஒரு வாடிக்கையாளர். அந்த 28 பேரும் வாங்கப் பார்த்தது சுமார் 2,730 டாலர் சரக்கு. கேட்டால், இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் பார்த்தது ஸ்டார்மின் மிகச் சிறிய பங்கை, சுமார் ஒன்றரை சதவீதத்தை. அதை வைத்து முழுக் கூட்டத்துக்கும் கணக்குப் போட்டபோது வருடத்துக்கு 35 லட்சம் டாலர் வரை வியாபாரம் ஆகும் என்று வந்தது. ஒரு கோடியே இருபத்துநாலு லட்சம் பேர் திட்டினாலும் அவனுக்கு நஷ்டம் இல்லை. ஒருவர் வாங்கினால் போதும். நம் கோபம் அவன் கணக்கில் எந்த இடத்திலும் செலவாக வராது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், மீதி எல்லாம் விளங்கும்.

யார் யாருக்கு என்ன பங்கு?

மெயில் அனுப்புகிறவனிடம் பெரும்பாலும் சரக்கு இருப்பதில்லை. முகவரி சேகரிக்கிறவன் ஒருவன். பிறர் கம்ப்யூட்டர்களைப் பிடித்து வாடகைக்கு விடுகிறவன் இன்னொருவன். மருந்துக்கடை மாதிரி இணையதளம் நடத்திப் பணம் வாங்குகிறவன் வேறொருவன். அனுப்புகிறவன் இவர்களுக்கு நடுவில் நிற்கும் தரகன், விற்பனையில் கமிஷன் வாங்குகிறவன். 2000களில் ரஷ்யாவைச் சேர்ந்த ஆட்கள் நடத்திய மருந்து வலைகளில் இந்தக் கமிஷன் 30, 40 சதவீதம் வரை போனது. கேட்பவருக்கு வியப்பாக இருக்கும், அந்தக் கடைகளில் பணம் கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரை வந்தும் சேர்ந்தது. ஆராய்ச்சிக்காக வாங்கிப் பார்த்தவர்களின் பார்சல்களில் பல இந்தியாவிலிருந்து போனவை. டாக்டர் சீட்டு இல்லாமல், எங்கே தயாரித்தது என்று தெரியாமல் விழுங்கும் மாத்திரை உடம்பை என்ன செய்யும் என்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

விற்பனை ஒரு வகை மட்டும்தான். வங்கியின் பெயரில் போலிப் பக்கம் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிப்பது இன்னொரு வகை. மலிவான பங்குகளை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, ‘நாளைக்கு ஏறப்போகிறது’ என்று லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்பி, ஏறினதும் விற்றுவிட்டு நழுவுவது 2000களின் நடுவில் அமர்க்களமாக நடந்தது. இன்வாய்ஸ் என்ற பெயரில் வைரஸை அனுப்புவது, அடுத்த ஸ்பேமுக்கு ஆள் பிடிக்கிற வழி. மாமாவுக்கு வந்தது முன்பணம் கேட்கும் மோசடி. இதை நைஜீரியச் சட்டப் பிரிவின் எண்ணை வைத்து 419 என்று சொல்வார்கள். ஆனால் மெயில் பிறப்பதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டிலேயே, ‘ஸ்பெயின் சிறையில் ஒரு செல்வந்தர் இருக்கிறார், அவரை மீட்கப் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு’ என்று தபாலில் கடிதம் போட்டவர்கள் இருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கணக்கும் உண்டு. கோடிக்கணக்கில் அனுப்பாமல், சில பேருக்கு மட்டும், நன்றாகத் தயார் செய்து அனுப்புவது. லிதுவேனியாக்காரர் ஒருவர் தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் என்ற உண்மையான நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனி பதிவு செய்தார். 2013 முதல் 2015 வரை கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போலி இன்வாய்ஸ் அனுப்பி 10 கோடி டாலருக்கும் மேல் வாங்கிவிட்டார். 2019இல் அவருக்கு ஐந்து வருடச் சிறை கிடைத்தது. தொழில்நுட்பமே தொழிலாக உள்ளவர்கள் ஏமாந்த இடத்தில் எங்கள் மாமா நாலு கோட்டை நிரப்பியதைப் பெரிய தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

முகவரி எப்படிக் கிடைத்தது?

இணையத்தில் எழுதி வைத்த முகவரிகளைத் தேடிப் பொறுக்குவதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன. ஊகித்தும் அனுப்புவார்கள்: குமார்1, குமார்2, குமார்3 என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்று போய்ச் சேரும். உள்ளே இருப்பவர்களே விற்பதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளர்களின் 9.2 கோடி பயனர்பெயர்களைத் திருடி விற்றார், 2005இல் சிறைத் தண்டனை பெற்றார்.

இப்போது அதிகம் உதவுவது கசிந்த பட்டியல்கள். லிங்க்டுஇன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் 2012இல் திருடப்பட்ட விவரங்களில் 11 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் முகவரியும் கடவுச்சொல்லும் 2016இல் விற்பனைக்கு வந்தன. இப்படிக் கசிந்ததை வைத்து 2018இல் ஒரு மிரட்டல் அலை கிளம்பியது. மெயிலின் தலைப்பிலேயே உங்கள் பழைய கடவுச்சொல் இருக்கும். ‘உன் கம்ப்யூட்டர் கேமராவில் உன்னைப் படம் பிடித்துவிட்டேன், பிட்காயினில் பணம் அனுப்பாவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன்’ என்று எழுதியிருக்கும். கடவுச்சொல் உண்மையாக இருப்பதால் மற்றதும் உண்மை என்று மனம் பதறிவிடும். ஆனால் அவனிடம் படமும் இல்லை, கேமராவும் இல்லை. எங்கேயோ கசிந்த பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே இருந்த ஒரு சொல் மட்டும்தான் இருக்கிறது. இப்படி ஒன்று வந்தால் பயப்படாதீர்கள். அந்தக் கடவுச்சொல்லை வேறு எங்காவது இன்னும் வைத்திருந்தால் மாற்றிவிட்டு, மெயிலை அழித்துவிடுங்கள்.

தப்பும் தவறுமாக எழுதுவது ஏன்?

மாமாவின் தாளை நானும் அவரும் வரிவரியாகப் படித்தோம். வணக்கத்திலேயே ‘அன்புள்ள பயனாளி அவர்கள்’ என்று இருந்தது, அவர் பெயரே இல்லை. பவுண்டு என்று தொடங்கிய தொகை மூன்றாவது பத்தியில் டாலர் ஆகியிருந்தது. “இதைப் பார்த்தாலே தெரியுதே, கொஞ்சம் நல்லா எழுதியிருந்தா இன்னும் நாலு பேர் நம்புவாங்களே?” என்றார் மாமா.

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த கார்மாக் ஹெர்லி 2012இல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். நைஜீரியா என்ற பெயரே மோசடியோடு ஒட்டிப்போயிருக்கும்போது, இவர்கள் ஏன் இன்னும் நைஜீரியாவிலிருந்து எழுதுவதாகவே சொல்கிறார்கள்? அவர் சொன்ன பதிலும் வரவு செலவுதான். மெயில் அனுப்பச் செலவில்லை. ஆனால் பதில் வந்த பிறகு செலவு தொடங்குகிறது. ஒவ்வொருவரோடும் நாள்கணக்கில் எழுதிப் பேசி, போன் செய்து, போலிச் சான்றிதழ் தயாரித்து நம்பவைக்க வேண்டும். பாதி வழியில் சந்தேகப்பட்டு விலகுகிறவர்கள் அவனுக்கு வீண் உழைப்பு. அதனால் சந்தேகப்படக்கூடியவர்கள் முதல் மெயிலிலேயே சிரித்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். நம்பத் தகாத கதையைப் படித்தும் பதில் போடுகிறவர்தான் கடைசி வரை வரக்கூடியவர். கரடுமுரடான கதையே சல்லடை.

சில பிழைகள் வெறும் மொழி தெரியாததால் வருவதும் உண்டுதான். ஆனால் ‘இதை யாராவது நம்புவார்களா’ என்று நாம் சொல்லும்போது, அந்த மெயில் நமக்காக எழுதப்படவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். தனியாக இருக்கிற, கடனில் இருக்கிற, நோயில் இருக்கிற யாரோ ஒருவருக்காக அது எழுதப்பட்டது. ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. சிரிப்புக்குப் பயந்துதான் பலர் புகார் கொடுப்பதில்லை.

வடிகட்டியோடு நடக்கும் இழுபறி

பிழைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆரம்பத்தில் குறிப்பிட்ட சொற்கள் இருந்தால் மெயிலைத் தடுத்தார்கள். உடனே மருந்துப் பெயரில் ‘ஐ’ எழுத்துக்குப் பதில் ஒன்று என்ற எண்ணையும், ‘ஓ’ எழுத்துக்குப் பதில் பூஜ்யத்தையும் போட்டார்கள். 2002இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர், எந்தச் சொல் ஸ்பேமில் எத்தனை முறை வருகிறது, நல்ல கடிதத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி நிகழ்தகவு பார்க்கும் முறையை விளக்கி எழுதினார். நன்றாக வேலை செய்தது. அதற்குப் பதிலடியாக ஸ்பேமின் அடியில் பழைய நாவல்களிலிருந்து பத்திகளை வெட்டி ஒட்டத் தொடங்கினார்கள், நல்ல சொற்கள் கூடினால் மதிப்பெண் ஏறுமே என்று. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அதை மறைத்தும் வைத்தார்கள். 2006 வாக்கில் எழுத்தையே விட்டுவிட்டு முழு விளம்பரத்தையும் படமாக்கி அனுப்பினார்கள். வடிகட்டி படத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டதும் படத்தில் புள்ளிகளைத் தூவினார்கள். ஸ்பேம் பிரச்சினை இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும் என்று பில் கேட்ஸ் 2004இல் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில் சொன்னார். தீரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படத்தையும் மெயிலில் வைப்பார்கள். நீங்கள் திறந்ததும் அந்தப் படம் அவன் சர்வரிலிருந்து இறங்கும். அதோடு இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்ற செய்தி அவனுக்குப் போய்விடும். முன்பின் தெரியாத ஸ்பேமில் ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்ற இணைப்பை அழுத்துவதும் அதேதான். நீங்களே பெயர் கொடுத்துச் சேர்ந்த கடையின் மெயில் என்றால் அந்த இணைப்பைத் தாராளமாக அழுத்தலாம். மற்றதற்கு ஸ்பேம் பொத்தானே சரி, அந்தத் தகவல் வடிகட்டிக்குப் போகும்.

வலிக்கிற இடம்

அப்படியானால் இவர்களை எதனால்தான் தடுக்க முடியும்? செலவு ஏறும்போதும் வரவு நிற்கும்போதும்தான். 2008 நவம்பர் 11 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் மெக்கோலோ என்ற, சர்வர்களை வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. பல பாட்நெட்டுகளுக்கு உத்தரவு போய்க்கொண்டிருந்தது அங்கிருந்துதான். உலகம் முழுவதும் ஸ்பேம் ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. ஆனால் சில மாதங்களில் வேறு இடம் பிடித்துத் திரும்பிவிட்டார்கள். சர்வர் மாற்றுவது எளிது.

வங்கி மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. 2011இல் சான் டியேகோ ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஸ்பேம் கடைகளில் தாங்களே பொருள் வாங்கி, பணம் எந்த வங்கிக்குப் போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். மருந்து, போலிக் கைக்கடிகாரம், மென்பொருள் என்று அவர்கள் பார்த்த ஸ்பேமில் 95 சதவீதத்துக்குப் பணம் வாங்கிக் கொடுத்தவை மூன்றே வங்கிகள். கோடிக்கணக்கான மெயில், ஆயிரக்கணக்கான இணையதளம், பணம் நுழைய மூன்று வாசல். கார்டு நிறுவனங்களிடம் புகார் போய் அந்தக் கணக்குகள் மூடப்படத் தொடங்கியதும், பல கடைகள் நிஜமாகவே தடுமாறின.

பொய் அனுப்புநர் முகவரிக்கும் இப்போது முத்திரை வந்திருக்கிறது. இந்தப் பெயரில் அனுப்ப எந்தச் சர்வருக்கு உரிமை, கடிதம் வழியில் மாறியதா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று ஏற்பாடுகள் உண்டு. மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் இவற்றை வைத்தே தீர வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் வலியுறுத்துகின்றன.

மாமாவுக்கு ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்ற இடத்தைக் காட்டினேன். மெயில் வந்த வழியில் ஒவ்வொரு சர்வரும் எழுதிய வரி அங்கே இருக்கும், கடிதத்தின் மேல் தபால் ஆபீசுகள் குத்தும் முத்திரை மாதிரி. ரிசர்வ் வங்கியிலிருந்து வந்ததாகச் சொன்ன கடிதம் ரிசர்வ் வங்கியின் எந்தச் சர்வரையும் தொடவில்லை. தனிநபர்களுக்கு நாங்கள் கணக்கு வைப்பதில்லை, இப்படிப் பணமும் தருவதில்லை என்று ரிசர்வ் வங்கியே பலமுறை அறிவித்திருக்கிறது. மூன்றாம் நாள் அவர் செல்போனுக்கு அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை. ஆனால் பதில் போடும் ஆள் என்று பட்டியலில் ஏறிவிட்டதால் அவருக்கு ஸ்பேம் கூடிவிட்டது.

போன வாரம் ஒன்று வந்தது. தபால் துறை பெயரில், ‘உங்கள் பார்சல் வந்துள்ளது, முகவரி சரியில்லை, 25 ரூபாய் கட்டி லிங்கில் திருத்துங்கள்’ என்று. மாமா என்னிடம் போனைக் காட்டினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “முகவரி சரியில்லாட்டி அனுப்பினவருக்கே திரும்பிப் போகும். அவர் முகவரியும் இல்லாட்டி, சேராத கடிதங்களுக்கான ஆர்.எல்.ஓ. ஆபீசுக்குப் போகும். காசு கேட்டு எந்த ஆபீஸ்லேயும் லிங்க் அனுப்ப மாட்டாங்க தம்பி” என்றார். அவரே ஸ்பேம் பொத்தானை அழுத்தினார்.